உஷார்! கிணற்றடியில் கடல்

புதுச்சேரிக்கு வடக்கே, இரும்பையிலிருந்து மரக்காணம் வரை, சொந்தக் கிணறோ போரோ வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இதைச் சொல்கிறேன். இந்தக் கோடைக்குள் உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். பளிங்கு போலத் தெளிந்திருக்கிறதே, வாயில் வைத்தால் கரிக்கவில்லையே என்று இருந்துவிட வேண்டாம். நாக்கு கண்டுபிடிக்கும் அளவுக்கு உப்பு ஏறிவிட்டால், அந்தக் கிணற்றைத் திரும்ப நல்ல தண்ணீர்க் கிணறாக்க ஒரு தலைமுறைக் காலம்கூடப் போதாமல் போகலாம்.

கடல் எங்கோ கிடக்கிறது, நம் ஊர் மேட்டில் இருக்கிறது என்பதுதான் இரும்பைப் பக்கத்தில் பலரும் சொல்லும் பதில். கடல் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அது அலையாக ஊருக்குள் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. அது வரும் வழி வேறு. அந்த வழியைத் தெரிந்துகொள்ள, நம்மிடமிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஒரு குட்டி நாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும் 33 தீவுகள் சேர்ந்தது கிரிபாட்டி. 1979 ஜூலை 12-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் கூட்டினால் 811 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தீவுகள் பரவிக் கிடக்கும் கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிட அதிகம். மக்கள்தொகை சுமார் 1,20,000. அதில் பாதிக்கு மேல் தலைநகரான தெற்கு தராவாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பானபா என்ற ஒரு தீவைத் தவிர மற்றவை எல்லாம் பவளத்தால் ஆன தாழ்ந்த திட்டுகள். பெரும்பாலான இடங்களில் உயரம் இரண்டு மூன்று மீட்டர். அகலம் பல இடங்களில் சில நூறு மீட்டர். சாலையில் நின்றால் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் கடற்கழி. தராவாவில் மலை கிடையாது, ஆறு கிடையாது.

அந்த மக்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது நம் கரையோர ஊர்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. காலையிலும் மாலையிலும் தென்னை ஏறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். அதைக் காய்ச்சிப் பாகு ஆக்குகிறார்கள். நம் கடற்கரையில் வேலியாக நிற்கும் தாழை இனம் அங்கே உணவு. அதன் பழத்தைத் தின்கிறார்கள், ஓலையில் பாய் முடைகிறார்கள். பெரிய கூரை போட்ட பொது மண்டபத்தில் ஊரே கூடி உட்கார்ந்து ஊர் விவகாரம் பேசுகிறார்கள். தரையில் பெரிய குழி வெட்டி, அடியில் ஊறும் நல்ல தண்ணீரில் பாபாய் என்ற சேம்புக் கிழங்கை வளர்க்கிறார்கள். விருந்துக்கும் சடங்குக்கும் அந்தக் கிழங்குதான் மரியாதை. ஒரு குடும்பத்தின் குழி என்றால் அது அந்தக் குடும்பத்தின் சொத்து, பரம்பரைப் பெருமை.

ஆறில்லாத அந்த மண்ணில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முழுக்க மழையிலிருந்துதான். மணலிலும் பவளச் சுண்ணாம்பிலும் மழை இறங்குகிறது. அடியில் சுற்றிலும் கடல் ஊடுருவி நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம், மழைத் தண்ணீர் லேசு. அதனால் பாலின் மேல் படிந்த ஆடை போல நல்ல தண்ணீர் மேலே மிதந்து நிற்கிறது. மேலாக, பதமாக எடுத்தால் ஆடை கிடைக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினால் எல்லாம் போச்சு. தராவாவின் குழாய்த் தண்ணீர் தென்கிழக்குக் கோடியிலுள்ள போன்ரிக்கி, புவோட்டா என்ற இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. அங்கே ஆழ்குழாய் இறக்குவதில்லை. நீர்மட்டத்தை ஒட்டி, படுக்கை வாக்கில் துளைபோட்ட குழாய்களைப் புதைத்து, மேலாக நிற்கும் தண்ணீரை மட்டும் மெல்ல இழுக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தும் அந்த நாடு திணறுகிறது. கடல் மட்டம் ஏற ஏற, மிதக்கும் அந்த நல்ல நீர் ஒடுங்குகிறது. பெரிய அலை ஒன்று கரை தாண்டினால் பாபாய்க் குழிக்குள் உப்பு இறங்கி, இலை மஞ்சளாகி, கிழங்கு அழுகுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் கிரிபாட்டிக்குப் புயல் அநேகமாக வருவதே இல்லை. அப்படியும், 2015 மார்ச்சில் வெகு தெற்கே வனுவாட்டைத் தாக்கிய பாம் புயல் கிளப்பிய அலைகள் தராவாவின் கரைகளை உடைத்தன. 1999-லேயே ஆள் வசிக்காத இரண்டு சின்னத் திட்டுகள் கடலுக்குள் போய்விட்டன. 2014-ல் அதிபர் அனோட்டே டாங், ஃபிஜியின் வனுவா லெவு தீவில் தன் நாட்டுக்காக நிலம் வாங்கினார். நம் முன்னோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்பு வெட்டப் போன அதே ஃபிஜி. பானபா தீவின் மக்கள் அதற்கும் வெகு முன்பே, 1945-ல், பாஸ்பேட் சுரங்கத்தால் சிதைந்த சொந்த மண்ணை விட்டு ஃபிஜியின் ராபி தீவுக்குக் கொண்டு போகப்பட்டவர்கள்.

பக்கத்து நாடான துவாலுவில் நிலைமை இன்னும் கடுமை. மொத்தமே 26 சதுர கிலோமீட்டர், சுமார் 11,000 பேர். 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள்; ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணினால், நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வருகிறார்கள்.

இந்தச் செய்திகள் நம் தொலைக்காட்சியில் வரும்போது, இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிய வீட்டைக் காட்டுகிறார்கள். அதனால்தான் நம் மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வீடு மூழ்குவது கடைசியில் நடப்பது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே குடிதண்ணீர் போய்விடுகிறது. நிலம் கண்ணெதிரே காய்ந்த தரையாக இருக்கும்போதே அங்கே வாழ முடியாமல் ஆகிவிடும். நான் பயப்படுவது இதை நினைத்துத்தான்.

இப்போது நம் பக்கம் வாருங்கள்.

இரும்பை நிற்கும் செம்மண் மேட்டின் அடியில் கடலூர் மணற்கல் அடுக்கு இருக்கிறது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் இந்த அடுக்கைச் சேர்ந்தவைதாம். அதற்கும் அடியில் இன்னும் பழைய படிவுகள். வழுதாவூர்ப் பக்கத்தில் கடற்சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. மணற்கல் நன்றாகத் தண்ணீர் பிடிக்கும், நன்றாகத் தண்ணீர் விடும். அதனால்தான் இந்தப் பக்கம் போர் போட்டவர்கள் ஏமாந்ததில்லை. ஆனால் நல்ல தண்ணீர் நகரத் தோதான மண், உப்புத் தண்ணீர் நகரவும் தோதான மண்தான்.

டச்சுக்காரர் பாடன் கைபனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்கள். கடலோர மண்ணில், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும். உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் உள்ள கன வித்தியாசம் அப்படி. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் ஓட்டி நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏற வழி விடுகிறோம். உடனே ஏறிவிடாது, வருஷக்கணக்கில் மெல்ல ஏறும். அந்த மெதுவான வேகம்தான் ஏமாற்றுகிறது. மேலே பச்சையாக மல்லாட்டையும் சவுக்கும் நிற்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

தண்ணீர் இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? 100 அடியில் வரவில்லை என்றால் 200, அதிலும் இல்லை என்றால் 300. கிரிபாட்டிக்காரர்கள் எதைச் செய்தால் அழிவு என்று தெரிந்து தவிர்க்கிறார்களோ, அதைக் கடன் வாங்கிச் செய்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) போட்ட பிறகு கரையோரம் வரிசையாக வந்த தங்கும் விடுதிகளும் மனைப்பிரிவுகளும், கடலுக்கு மிக அருகிலேயே இரவு பகலாக உறிஞ்சுகின்றன. மேட்டில் இருக்கும் நாம் உறிஞ்சுவது, கடலை நோக்கி இறங்கிப் போய் உப்பைத் தள்ளி நிறுத்த வேண்டிய நல்ல தண்ணீரை. இரண்டும் சேர்ந்துதான் உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை உள்ளே இழுக்கின்றன.

கரையோர ஊர் ஒன்றில் ஒரு அம்மா சொன்னதைக் கேளுங்கள். "மொதல்ல பருப்பு வேகல. பருப்புதான் மட்டம்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டேன். அப்புறம் சோப்பு நுரைக்கல. அதுக்கப்புறம்தான் தண்ணி கரிக்க ஆரம்பிச்சுது." அவர் வீட்டுக் கிணற்றைப் பார்த்தேன். தண்ணீர் நிறைய இருந்தது. உறையின் உட்புறத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கிய இடமெல்லாம் வெள்ளைப் பூப்பு. மோட்டார் இரும்புக் குழாய் துருவேறி உதிர்ந்திருந்தது. பக்கத்தில் முருங்கை, இலை நுனிகள் கருகி நின்றது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்; கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும். பருப்பு வேகாத அன்றைக்கே உஷாராகியிருக்கலாம். அவருக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு இப்போது சொல்கிறேன்.

அளவைப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. குடிநீரில் 500-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 300 உள்ள அருமையான கிணற்று நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் நீர் கலந்தால் போதும், 2,000-த்தைத் தாண்டிவிடும். நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே 1,000 ஆகிவிடும், அது நாக்குக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது.

மரக்காணம் உப்பளக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்தி அதிகம். பாத்தியில் நிற்கும் தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று போமே அளவுகோலை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். கடல் நீர் மூன்றரை டிகிரி. வெயிலில் சுண்டி 25-ஐத் தொட்டால் உப்பு பூக்கும். அளந்து பார்க்காமல் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்புவதில்லை. உப்பை விளைவிப்பவர்கள் இத்தனை கவனமாக அளக்கும்போது, உப்பு வந்துவிடக் கூடாத நிலத்துக்காரர்கள் ஒருநாளும் அளக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்குக் கிழக்கே மட்டும் உப்பு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். வடக்கே கழுவெளி இருக்கிறது. எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொடர்புள்ள பெரிய ஏரி. மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகளின் நல்ல தண்ணீர் வந்து நிரம்பும். கோடையில் வற்றி, முகத்துவாரப் பக்கத்திலிருந்து உவர் ஏறும். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஆகஸ்டில் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் மேலே இருக்கும் ஏரிகள் தூர்ந்து, கால்வாய்கள் அடைபட்டு, வர வேண்டிய நல்ல தண்ணீர் குறைந்தால், கழுவெளியில் உவரின் பங்கு கூடும். அதைச் சுற்றியுள்ள கிணறுகள்தான் முதலில் வாங்கிக்கொள்ளும். பறவைகளுக்காக மட்டும் காப்பாற்ற வேண்டிய நீர்நிலை இல்லை அது. வானூர், மரக்காணம் வட்டங்களின் நல்ல தண்ணீருக்குக் கதவு அது.

இறால் பண்ணைக்கு நிலம் கேட்டு வருகிறவர்களிடமும் உஷார். விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்பு நிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் நம் தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். குட்டையில் உப்புத் தண்ணீர் நிறுத்தினால் அது பக்கத்து வயலின் வரப்போடு நின்றுவிடாது. குத்தகைப் பணம் ஒருவருக்கு, கரிப்பு ஊருக்கே.

கரை அரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் கண்ணால் பார்த்தது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் நகர்த்தி வந்த மணல் அங்கேயே தடைபட்டது. வடக்கே கரை தேய ஆரம்பித்தது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக மீனவர்கள் வீடும் வலை காய வைக்கும் மணலும் இழந்தார்கள். மணல்மேடு போனால் வெறும் அழகு போகவில்லை. அந்த மேட்டுக்குள் தேங்கி நின்ற மழைத் தண்ணீரும், உப்புக்கு அது போட்டிருந்த தடுப்பும் சேர்ந்து போகிறது. அழகன்குப்பம், ஆலம்பரைகுப்பம் மீன்பிடித் துறைமுகத் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இந்தக் கரை அரிப்பு அச்சத்தால்தான். மீனவர்களுக்குத் துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணல் எந்தப் பக்கம் நகரும் என்ற கணக்கைப் பார்க்காமல் இன்னொரு சுவர் வேண்டாம்.

"2024-ல் ஃபெஞ்சல் புயலுக்கு அவ்வளவு மழை கொட்டியதே, நிலத்தடி நிரம்பியிருக்காதா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அது ஊறுவதற்கான மழை இல்லை, ஓடுவதற்கான மழை. ஏரி உடைத்து, சாலை அறுத்து, செம்மண்ணை வாரிக்கொண்டு ஒன்றிரண்டு நாளில் கடலுக்குப் போனது. ஒரு மழையை நம்பி மறு வருஷம் மோட்டாரைக் கூடுதலாக ஓட்டினால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

கிரிபாட்டிக்கும் நமக்கும் இன்னொரு நேரடி உறவு இருக்கிறது. அவர்களைச் சுற்றியுள்ள பசிபிக் நீர் சூடேறினால் எல் நினோ. அப்போது அந்தத் தீவுகளில் மழை கொட்டும், நமக்கும் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்றாக இருக்கும். அந்த நீர் குளிர்ந்தால் லா நினா. அவர்களுக்கு வறட்சி, நமக்கும் ஐப்பசி கார்த்திகை மழை மெலிய வாய்ப்பு. லா நினாவின் பிடியில் 2022 ஜூனில் கிரிபாட்டி அரசு வறட்சிப் பேரிடர் அறிவித்தது; மழையில்லாமல் கிணறுகள் உவர்ந்துபோயிருந்தன. 2016-ல் நமக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்ததே, அதுவும் பலவீனமான லா நினா ஆண்டுதான். 2021 போல விதிவிலக்கும் உண்டு, லா நினாவிலும் நமக்குக் கொட்டியது. ஆனாலும் வானிலைச் செய்தியில் லா நினா என்ற பெயர் வந்தால், அந்த வருஷம் கூடுதலாக ஒரு போகம் நீர்ப்பாசனப் பயிர் வைக்கலாமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

இரும்பைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் புதிதில்லை. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயிலில், கடுவெளிச் சித்தரின் கோபத்தால் லிங்கம் மூன்றாகப் பிளந்த கதையை இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லி வளர்க்கிறோம். அந்தக் கதையில் மழை பொய்த்த ஊர்தான் வருகிறது. 1968-ல் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மொட்டைச் செம்மண்; மழை அறுத்த ஓடைகள்; பனையைத் தவிர மரமே அபூர்வம். வரப்பு மேல் வரப்பாகப் போட்டு, ஓடையைக் குறுக்கே கட்டி, லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். நம் ஊர்க்காரர்கள்தான் அங்கே மண்வெட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோர். இன்று அங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி மேட்டிலேயே இறங்குகிறது. செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டுமா?

எனவே இந்தக் கோடையில் இவற்றைச் செய்யுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தெருவுக்கு ஒன்று வாங்கினால் போதும். மாதம் ஒருமுறை, மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு வரும் தண்ணீரில் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மழைக்குப் பிறகும் இறங்காமல் வருஷா வருஷம் ஏறினால் அதுதான் அபாயம். அப்படி ஏறினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குளோரைடு பார்க்கக் கொடுங்கள். ஏறுகிற போரை இன்னும் ஆழமாக்காதீர்கள். அது உப்பைத் தேடிப் போவது. ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் ஓட்டுவதைவிட இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது கீழே இருப்பதைக் கலக்காது. விதை வாங்கும்போது தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிர் எது என்று கேளுங்கள்.

ஏரியும் வரத்துக் கால்வாயும் ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன; அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று. அந்த நாளுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அந்த நோட்டை எடுத்துப் போங்கள். எந்தத் தெருவில், எந்த மாதம், எத்தனை என்று சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். இரும்பை ஏரிக்கு வரும் கால்வாய்களில் எது எங்கே அடைபட்டிருக்கிறது, யார் எப்போது வெட்டித் தருவார்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே தேதி கேளுங்கள். பக்கத்து ஊராட்சிக்கும் அந்த நோட்டின் நகலைக் கொடுங்கள். அடியில் ஓடும் தண்ணீருக்கு ஊராட்சி எல்லை கிடையாது.